நெத்திலியைப் போல ஒரு ஃப்ளை

க்ளவுசர் மின்னோ என்ற ஃப்ளையை, அதாவது முள்ளில் முடியும் நூலும் கட்டிச் செய்யும் போலி இரையை, கட்ட உட்காருவதற்கு முன்னால், ஒரு நாள் காலையில் உறையூர் குழுமணி சாலையில் இருக்கும் காசிவிளங்கி மீன் மார்க்கெட்டுக்குப் போய்க் கால் கிலோ நெத்திலி வாங்கி வருவது நல்லது. குழம்புக்குப் போகும் முன் அதில் நாலைந்தை எடுத்து, தட்டில் வைத்து, சன்னல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முதுகு வெளிர் பழுப்பு. ஊடுருவிப் பார்க்கும் அளவுக்கு மெல்லிய நிறம். செவுளிலிருந்து வால் வரை பக்கவாட்டில் ஒரே ஒரு வெள்ளிக் கோடு. வயிறு வெள்ளை. கண் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பெரிசு, அதுவும் மூக்கு நுனியை ஒட்டி. இந்த நாலையும் முள்ளில் கொண்டுவந்துவிட்டால் போதும். செதில், துடுப்பு, வாய் எதையும் தனியாகச் செய்ய வேண்டியதில்லை.

இந்த ஃப்ளை பிறந்தது கடலில் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சஸ்குவஹானா ஆற்றில் படகு வழிகாட்டியாக இருந்த பாப் க்ளவுசர், ஸ்மால்மவுத் பாஸ் மீனுக்காக 1987-இல் இதைக் கட்டினார். உலோகத்தில் வார்த்த இரட்டைக் கண் அப்போதுதான் கடைக்கு வந்திருந்தது. அந்தக் கண்ணை அவர் முள்ளின் தண்டுக்கு மேல் பக்கத்தில் கட்டினார். பெயர் சூட்டியவர் லெஃப்டி க்ரே. உப்புத்தண்ணீர் ஃப்ளை மீன்பிடிப்பில் பெரிய பெயர் பெற்றவர் அவர். ஆற்றுக்குக் கட்டிய இந்த ஃப்ளையைக் கடற்கரைகளுக்குக் கொண்டுபோய்ப் பரப்பியதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

கண்ணின் கனம் மேலே இருப்பதால் தண்ணீரில் முள் குப்புறத் திரும்பி, முனை வானம் பார்க்கும். அடியில் கிடக்கும் சிப்பியிலும் வேரிலும் அவ்வளவாக மாட்டாது. கயிற்றை இழுத்தால் ஃப்ளை மேலே ஏறும்; நிறுத்தினால் தலைகுப்புற இறங்கும். அடிபட்ட சின்ன மீன் அப்படித்தான் நீந்தும். தெரிந்துகொள்ள வேண்டிய தத்துவம் இவ்வளவுதான்.

## திருச்சியிலிருந்து உப்புத்தண்ணீர்

தமிழ்நாட்டில் ஃப்ளை மீன்பிடிப்பு என்றாலே நீலகிரியின் ட்ரவுட் ஓடைகள்தான் நினைவுக்கு வரும். அங்கே மீனையும் வேட்டை விலங்குகளையும் காக்க 1879-லேயே தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். அதற்கும் முன்பே, சென்னை மாகாண சிவில் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் ‘தி ராட் இன் இந்தியா’ என்ற நூலை வெளியிட்டிருந்தார். இவையெல்லாம் பெரும்பாலும் நன்னீர்க் கதை. கழிமுகத்தில் ஃப்ளை வீசுகிறவர்கள் இன்றும் குறைவு. ஆகையால் இதற்கென்று தனிப் பொருள் விற்கும் கடையைத் திருச்சியில் தேடி அலைய வேண்டாம். இருப்பதை வைத்தே நன்றாகக் கட்டலாம் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் நம்பிக்கை.

முக்கொம்பில் பிரிந்து ஸ்ரீரங்கத்தைத் தீவாக்கிவிட்டுப் போகும் இரண்டு ஆறுகளும் கடலில் சேரும் இடங்களே திருச்சிக்காரருக்கு இயல்பான களம். காவிரி பூம்புகாரில் சேர்கிறது. கொள்ளிடம் பழையாறு பக்கம். அங்கே எதிர்பார்க்கக்கூடிய மீன்களில் முதலாவது கொடுவா. நன்னீரிலும் வளரும், இனப்பெருக்கத்துக்குக் கழிமுகத்துக்கு இறங்கிவிடும். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-இல் அதை அடைப்பில் வைத்தே குஞ்சு பொரிக்கச் செய்தது. பாறை, காலா மீன்களும் சின்ன மீன்களைத் துரத்தித் தின்பவைதான்.

## என்னென்ன வேண்டும்

முள். துருப்பிடிக்காத எஃகு, 1 அல்லது 1/0 அளவு. முஸ்டாட் நிறுவனத்தின் 34007 உலகெங்கும் இந்த வேலைக்குப் பழகிய முள். சாதாரணக் கறுப்பு முள் உப்புத்தண்ணீரில் சீக்கிரம் துருவேறிவிடும்.

கண். ஈயத்திலோ பித்தளையிலோ வார்த்த இரட்டைக் கண் இணையத்தில் கிடைக்கும். கிடைக்கும்வரை சாவிக்கொத்திலும் வாஷ்பேசின் அடைப்பானிலும் வரும் உருண்டை மணிச் சங்கிலி போதும். இரண்டு மணியை ஒட்டினாற்போல வெட்டி எடுத்தால் ஒரு ஜோடிக் கண். முழங்கால் ஆழத் தண்ணீருக்கு இந்தக் கனம் உண்மையிலேயே பொருத்தமானது. வாங்கும்போது ஒரு காந்தத்தைக் கொண்டுபோவது நல்லது. சங்கிலி காந்தத்தில் பலமாக ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு, வேண்டாம்.

முடி. மூலச் செய்முறையில் இருப்பது அமெரிக்க வெள்ளைவால் மானின் வால்முடி. இங்கே மான்முடிக்கு ஆசைப்படவே கூடாது. புள்ளிமான், கடமான் எதுவாயினும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும். ஓவியத் தூரிகைகளில் திருட்டுத்தனமாகச் சேரும் கீரிமுடிக்கும் இதே சட்டம். இறைச்சிக் கடையில் கேட்டால் வெள்ளாட்டு வால் கிடைக்கும். நேராக, நீளமாக, லேசான மினுமினுப்போடு இருக்கும் முடியாகப் பார்த்து எடுத்து, சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, நிழலில் காயவைத்தால் போதும்.

ஆட்டுமுடி பிடிக்காதவர்களுக்கு வெள்ளை நைலான் கயிறு இருக்கிறது. ஒரு சாண் வெட்டிப் புரியைப் பிரித்துச் சீப்பால் வாரினால் மெல்லிய இழைகள் கிடைக்கும். ஒரு சோதனை மட்டும் செய்ய வேண்டும்: நாலு இழையை நனைத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு விரலால் அமுக்க வேண்டும். திரும்பத் திரும்ப மிதந்தால் அது பாலிபுரொப்பிலீன், ஃப்ளையை இறங்கவிடாது. முழுகினால் நைலான்.

காவிரிக் கரையில் வாழை நாருக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் அது தண்ணீரைக் குடித்துக் கனக்கும், முடிபோலத் துவளாது. இந்த வேலைக்கு விட்டுவிடலாம்.

மினுக்கு. தெப்பக்குளம், சின்னக்கடை வீதிப் பக்கம் தையல் சாமான் கடைகளில் ஆரி வேலைக்கு விற்கும் வெள்ளி ஜிகினா நூல். பிளாஸ்டிக் இழையாகக் கேட்டு வாங்க வேண்டும். செம்புக் கம்பி உள்ள சரிகை உப்பில் கறுத்துப்போகும்.

நூல், பசை, கருவி. வலுவான, மெல்லிய வெள்ளைப் பாலியஸ்டர் நூல். எம்பிராய்டரிப் பட்டு நூல் இழுத்த இழுப்பில் அறுந்துவிடும். நகப்பூச்சு அல்லது ஃபெவிக்விக், கடைசிப் பூச்சுக்கு அரால்டைட். சின்னக் கத்தரிக்கோல், மூக்குக் குறடு. முள்ளைப் பிடிக்க, தட்டார்கள் வைத்திருக்கும் கை வைஸை மேசை விளிம்பில் இறுக்கிக்கொள்ளலாம். ரீஃபில் எடுத்த பால்பாயிண்ட் பேனா ஒன்று. அதன் வேலை கடைசியில் வரும்.

## உட்காரும் முன்

- கண்ணாடி அணிந்துகொள்ள வேண்டும். பார்வைக் கண்ணாடி இல்லாதவர் வெல்டிங் பட்டறைகளில் போடும் வெள்ளைப் பாதுகாப்புக் கண்ணாடி போடலாம். மணிச் சங்கிலியை வெட்டும்போது துண்டு தெறிக்கும்.
- ஃபெவிக்விக் சிந்தினால் பருத்தித் துணியால் துடைக்கக் கூடாது. பருத்தியோடு சேர்ந்தால் அது சட்டென்று சூடேறித் தோலைச் சுடும். சன்னல் திறந்திருக்கட்டும்.
- ஈயக் கண்ணைத் தொட்ட கையோடு தின்பண்டம் எடுக்கக் கூடாது. பல்லால் கடித்து வளைக்கவே கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.
- முட்களை எண்ணி எடுத்து, எண்ணித் திரும்ப வைக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து பழகும் வீடுகளில், விழுந்த ஒரு முள் குழந்தையின் காலில்தான் போய் நிற்கும்.

## கட்டும் முறை

1. முள்முனைக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கவும். இதை முதலில் செய்வதற்குக் காரணம் உண்டு. நசுக்கும்போது சில முட்கள் முனையோடு ஒடியும். அரை மணி நேரம் கட்டி முடித்த பிறகு ஒடிவதைவிட இப்போதே ஒடியட்டும். விரலில் ஏறினாலும் எதிர்முள் இல்லாத முள் வந்த வழியே வெளியே வரும்.

2. முள்ளின் வளைவை வைஸில் பிடிக்கவும். தண்டு கிடைமட்டமாக, முனை கீழ்ப்பக்கமாக இருக்க வேண்டும்.

3. தங்கூஸ் கட்டும் வளையத்திலிருந்து தண்டின் மூன்றில் ஒரு பங்கு தள்ளி நூலைத் தொடங்கவும். நெருக்கமாக முன்னும் பின்னும் சுற்றிச் சின்ன மேடு எழுப்பவும். வழுவழுப்பான எஃகின் மேல் நேரடியாகக் கண்ணைக் கட்டினால் அது சுழன்றுகொண்டே இருக்கும்.

4. கண்ணை அந்த மேட்டின் மேல், தண்டுக்குக் குறுக்கே வைக்கவும். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு 10 சுற்று. மறுமூலையிலிருந்து 10 சுற்று. பிறகு நூலைத் தண்டைச் சுற்றாமல், கண்ணுக்கும் தண்டுக்கும் இடையே கிடைமட்டமாக ஐந்தாறு முறை சுற்றி இழுக்கவும். இந்தக் கடைசிச் சுற்றுதான் முன்சுற்றுகளை எல்லாம் சேர்த்து இறுக்குகிறது. பலர் விட்டுவிடுவதும் இதைத்தான். ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டுக் காயவிடவும். காய்ந்த பிறகு விரலால் அசைத்தால் கண் அசையக் கூடாது.

நூலை எவ்வளவு இறுக்குவது என்பது புத்தகத்தில் வராது. ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தையில் மாலை கட்டுகிறவர்களின் விரலைப் பார்த்தால் புரிந்துவிடும்: நார் தளர்ந்தால் பூ உதிரும், மிஞ்சினால் காம்பு அறும், இரண்டுக்கும் நடுவே ஒரே இழுப்பு. நூலை வேண்டுமென்றே இரண்டு முறை அறுத்துப் பார்த்தால், அறும் இடத்துக்குச் சற்று முன்னால் கை தானாக நிற்கக் கற்றுக்கொள்ளும்.

5. வெள்ளை முடியில் ஒரு பிடி எடுக்கவும். அடிப்பக்கத்துக் குட்டை முடியைச் சீவி எறிந்துவிட்டு, மீதியை முறுக்கிப் பார்க்கவும். அரைத் தீக்குச்சிக் கனம் இருந்தால் போதும். நீளம் முள்ளின் முழு நீளத்தைப்போல இரண்டு மடங்கு.

6. முடியின் வெட்டு முனையைச் சாய்வாக வெட்டி, கண்ணுக்கும் வளையத்துக்கும் நடுவே வைத்துக் கட்டவும். பிறகு முடியை இரண்டு கண்ணுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தின் வழியாகப் பின்னால் கொண்டுபோய், கண்ணுக்குப் பின்னாலும் நாலு சுற்று. அதற்கு மேல் பின்னால் போய் வளைவில் கட்டினால் முடி முள்ளில் சுற்றிக்கொள்ளும். நூலை மறுபடி கண்ணுக்கு முன்னால் கொண்டுவரவும்.

7. வைஸைத் தளர்த்தி முள்ளைத் தலைகீழாகத் திருப்பவும். இப்போது முனை மேலே, கண் கீழே. தண்ணீரில் ஃப்ளை நீந்தப்போவது இப்படித்தான். ஆகவே வெள்ளை கீழே, வயிறாக அமையும்.

8. ஜிகினா நூலில் நாலு இழை எடுத்து நடுவில் மடித்து, கண்ணுக்கு முன்னால் கட்டவும், எட்டு நுனியாகும். முடியைவிடச் சற்றே நீண்டிருக்கலாம். பக்கத்துக்கு நாலாகப் பிரித்துவிட்டால் நெத்திலியின் வெள்ளிக் கோடு.

9. முதுகுக்கு வெளிர்பழுப்பு முடி, அதே அரைத் தீக்குச்சிக் கனத்தில். கண்ணுக்கு முன்னால் மட்டும் கட்டவும். இந்த முடியைக் கண்ணுக்குப் பின்னால் கட்டக் கூடாது. முள்முனையின் இரு பக்கமும் சமமாக விழ வேண்டும்.

10. முன்பக்கத்தை நூலால் கூம்பாக நிரப்பவும். வளையத்தை அடைத்துவிடாமல் கவனம். முடிப்பதற்குத்தான் அந்தப் பேனா: அதன் கூம்பு முனையில் நூலை ஒரு வளையமாகப் போட்டு, முனையை முள்ளின் வளையத்தில் பொருத்தி, வளையத்தைத் தலைமேல் தள்ளி இழுத்தால் ஓர் அரைமுடிச்சு. இப்படி ஐந்து. நூலை வெட்டி, இரண்டு தடவை நகப்பூச்சு. பல்லுள்ள மீனுக்குப் போவதானால் அதற்கும் மேல் மெல்லிதாக அரால்டைட்.

## எங்கே தவறுகிறது

அதிகம் வருவது ஒரே தவறு: முடி மிகுதி. கையில் பார்க்க மெலிந்து தெரிகிறதே என்று இன்னொரு பிடி சேர்க்கத் தோன்றும். சேர்க்கக் கூடாது. முடி அடர்ந்தால் ஃப்ளை தண்ணீரில் குடைபோல் விரிந்து இறங்க மறுக்கும். வீசும்போது காற்றில் இழுக்கும். தட்டில் வைத்துப் பார்த்த நெத்திலியின் உடம்பு எவ்வளவு தெளிவாக ஊடுருவித் தெரிந்தது என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். க்ளவுசரும் க்ரேயும் வலியுறுத்தியதும் மெலிவைத்தான். முழுத் தீக்குச்சிக் கனத்தில் ஒன்றும் அரைக் கனத்தில் ஒன்றும் கட்டி, பக்கெட்டில் அடுத்தடுத்து இழுத்துப் பார்த்தால் விவாதத்துக்கே இடமிருக்காது.

அடுத்தது நிறம் மாறிப்போவது. முள் வைஸில் இருக்கும்போது மேலே தெரிவது தண்ணீரில் கீழே போகும். இதை மறந்து கண் பக்கத்தில் பழுப்பைக் கட்டினால் வயிறு கறுத்து முதுகு வெளுத்த மீன் வரும்.

கண்ணை வளையத்துக்கு மிக அருகில் கட்டிவிட்டால் முடிக்கும் இடமில்லாமல் நூல் வளையத்தில் ஏறும். மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கு அதற்காகத்தான்.

## பக்கெட் சோதனை

நனையாத ஃப்ளையை நம்பக் கூடாது. ஒரு முழம் தங்கூஸில் கட்டி, வீட்டுத் தொட்டியிலோ பெரிய டிரம்மிலோ விட்டு இழுக்க வேண்டும். முள்முனை மேலே திரும்பி நிற்கிறதா, நிறுத்தியதும் தலை முதலில் இறங்குகிறதா, இந்த இரண்டையும் பார்த்தால் போதும். பக்கவாட்டில் சாய்ந்தால் கண் கோணலாக இருக்கும். முடிச்சை அவிழ்க்காமலேயே குறட்டால் மெல்லத் திருகிச் சரிசெய்து, மறுபடி ஒரு சொட்டுப் பசை.

இந்தச் சோதனைக்கு அம்மா மண்டபம் படித்துறைக்குப் போகக் கூடாது. குளிக்கிறவர்கள் வெறுங்காலோடு நடக்கும் இடம் அது. மேட்டூரில் தண்ணீர் திறந்திருக்கும் மாதங்களில் காவிரியிலும், உபரி நீர் போகும்போது கொள்ளிடத்திலும் இறங்கி நின்று வீசுவது உயிரோடு விளையாடுவது. முக்கொம்பு, கல்லணைப் பக்கம் நன்னீரில் பழக விரும்புகிறவர்கள் மீன்வளத் துறையிடமோ குத்தகைக்காரரிடமோ முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

## நிறம் மாற்றிக் கட்ட

வடகிழக்குப் பருவமழை முடிந்து கழிமுகம் கலங்கிக் கிடக்கும்போது பழுப்பு முதுகு கண்ணுக்கே படாது. அப்போது முதுகுக்கு எலுமிச்சைப் பச்சை, வயிறு வெள்ளை. உலகெங்கும் க்ளவுசர் அதிகம் கட்டப்படும் நிறச் சேர்க்கையும் இதுவே. தண்ணீர் தெளிந்த பிறகு நெத்திலிப் பழுப்புக்குத் திரும்பலாம். மத்தி கூட்டமாக ஓடும் இடத்தில் நீலப்பச்சை முதுகு, நீளம் கொஞ்சம் கூட்டி. மடவைக் குஞ்சுக்குச் சாம்பல்.

## கரையில்

தங்கூஸை ஃப்ளையில் இறுக்கி முடியாமல், சிறு வளைய முடிச்சாகப் போட்டால் தலை சுதந்திரமாக ஆடும். 8 எண் ராடு இந்தக் கனத்துக்கு வசதி. கண் கனமாக இருப்பதால் வீசும்போது ஃப்ளை எதிர்பார்த்ததைவிடத் தாழ்வாக வரும். தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் வீசக் கூடாது. காற்று, வீசும் கையின் பக்கமிருந்து அடித்தால் நிற்கும் இடத்தை மாற்ற வேண்டும்.

ஒரு சாண் இழுப்பு, ஒரு நிறுத்தம். பெரும்பாலும் நிறுத்தத்தில்தான் மீன் எடுக்கும். எடுத்ததும் ராடைத் தூக்காமல் கயிற்றையே நீளமாக இழுத்து முள்ளைப் பதிக்க வேண்டும்.

கழிமுகச் சேற்றில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிப்போகும். கொடுவாவின் செவுள் மூடி விளிம்பு கத்தி. அதற்குள் விரலை விட்டுத் தூக்கக் கூடாது. கெளிறு மாட்டினால் அதன் முதுகு முள்ளும் பக்க முள்ளும் விஷம். குறட்டால் பிடித்து விடுவிக்க வேண்டும். தூண்டில் முள் ஆழமாக ஏறிவிட்டால், அதுவும் கண்ணுக்கோ மூட்டுக்கோ அருகில் என்றால், பிடுங்க முயலாமல் தங்கூஸை மட்டும் வெட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் எடுத்து, டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

வீடு திரும்பியதும் பயன்படுத்திய ஃப்ளைகளை நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, முடியை முனை நோக்கி நீவி, செய்தித்தாளில் பரப்பி நன்றாக உலரவிட வேண்டும். ஈரமான ஒன்றை டப்பாவில் போட்டு மூடினால் அதில் உள்ள உப்பு மற்ற முட்களையும் அரிக்கும். முள்முனை மழுங்கியிருந்தால் சின்ன அரத்தால், தண்டிலிருந்து முனையை நோக்கி இரண்டு மூன்று இழுப்பு. நகத்தின் மேல் வைத்தால் வழுக்காமல் பிடிக்க வேண்டும்.